நான்கு நாளில் ஒரு கிலோ ஏறிய சக்கரம்

வாயில் கட்டண வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நால்வருக்கும் ஏதாவது எழுதித் தரும்படி அலுவலகத்தில் கேட்டார்கள். புகை சோதிக்கும் கருவியை எப்படி இயக்குவது என்று நான் எழுத வேண்டியதில்லை. அது கருவியோடு வந்த புத்தகத்தில் இருக்கிறது. புத்தகம் இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது. நான் எழுதப்போவது வேறு. டயர் ஓட ஓட எடை கூடும் என்று ஓர் அறிக்கை எழுதி, கீழே கையெழுத்தும் போட்டவன் நான். அதன் நகல் கோப்பில் உள்ளது. என்றாவது ஒரு நாள் அது உங்கள் கையில் சிக்கும். என்னைப் பற்றி நீங்களாக ஒரு முடிவுக்கு வருவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்குண்டு. எனவே கிழமையும் நேரமும் சரியாகவே இருக்கும். மற்றவற்றில் நான் எவ்வளவு சரி என்பதைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

நம் தொழிற்பேட்டையின் உள்சாலை திருவொற்றியூர் பக்கமிருந்து எண்ணூர் பக்கம் போகிறவர்களுக்குக் குறுக்குவழி என்பது உங்களுக்குத் தெரியும். அந்த வழியில் வரும் வண்டிகளிடம் வாயிலில் புகைக் கட்டணம் வாங்கத் தொடங்கிய புதிது. பழைய டீசல் வண்டிக்கு அதிகம், புதிய டீசல் வண்டிக்குக் குறைவு, பேட்டரி வண்டிக்கு ஒன்றும் கிடையாது. பேட்டரி வண்டியின் கண்ணாடியில் பச்சை வில்லை ஒட்டியிருக்கும். அதைப் பார்த்ததும் காவலர் தடுப்புக் கம்பத்தைத் தூக்கிவிடுவார். சில காவலர்கள் சல்யூட்டும் வைப்பார்கள். அது விதியில் இல்லை.

தேசம்மா காசிமேட்டு மீன் வியாபாரி. விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்து, பேட்டைக்குள் இருக்கும் ஆறு கேன்டீன்களுக்கும் எட்டு மணிக்குள் கொடுத்துவிடுவார். அவருடைய பழைய குட்டி யானை வேனை ஓட்டுபவர் டில்லிபாபு. வேனுக்கு அப்போது பதினாறு வயது. எங்கள் பட்டியலில் மிக அதிகக் கட்டணம் அந்த வேனுக்குத்தான். முகம் சுளித்தாலும் தேசம்மா கட்டிக்கொண்டுதான் இருந்தார். பழைய டீசல் வண்டிகளுக்குக் கட்டணத்தை இரட்டிப்பாக்க நிர்வாகக் குழு வெள்ளிக்கிழமை கூடப்போகிறது என்ற செய்தி வந்தபோதுதான் விவகாரம் ஆரம்பமானது.

சனிக்கிழமை காலை 7.04. பெரிய பேட்டரி லாரி ஒன்று சல்யூட்டுடன் உள்ளே போனது. வாயிலைத் தாண்டியதும் சாலை இடப்புறம் சட்டென்று வளையும். லாரி அதில் திரும்பும்போது டயர் கிறீச்சிட்டு, தரையில் கறுப்புக் கோடு விழுந்தது. பின்னால் நின்றிருந்த வேனிலிருந்து தேசம்மா இறங்கினார். மீன் பெட்டியின் வெள்ளை மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே என் மேசைக்கு வந்தார். மூடியில் ஒரு விரலை இழுத்து, அந்த விரலை என் பதிவேட்டில் வைத்து அழுத்தினார். பதிவேட்டில் கறுப்பாக ஒரு ரேகை விழுந்தது.

“இது இன்னா சார்?”

“டயர் தூசியாக இருக்கலாம்மா.”

“யாரு வண்டிது?”

“அதைச் சொல்ல முடியாது. நாங்க வாங்குறது புகைக்குத்தான். தூசிக்குக் கட்டணம் கிடையாது.”

“ஸோக்கா கீது சார் உங்க கணக்கு! எம்மாம் பெரிய லாரி, மலை மாரி வந்துகினு கீது, அதுக்கு சலாம். நம்ம வண்டி எலிக்குட்டி மாரி வருது, அதுக்கு துட்டு. புகைய மோந்தாத்தான் இருமுவோமா? தூசிய மோந்தா பாட்டு பாடுவோமா?”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, பதிவேட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“டபுளாக்கிட்டாங்கன்னா நா இந்தப் பக்கம் வர முடியாது சார்,” என்றார், குரலைத் தணித்து. “சுத்திப் போனா எட்டு மணிக்கு சேராது. லேட்டா போனா கேன்டீன்காரன் வேற ஆளு பாத்துப்பான். ஆறு கேன்டீனும் போச்சுன்னா நா கூடையத் தூக்கிகினு தெருத் தெருவா போவணும். இந்த முட்டிய வச்சிகினு.”

அவர் கேள்வியில் நியாயம் இருந்தது. அது என்னை உறுத்தியது. மேலாளரிடம் போனேன். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. நல்ல மனிதர், அவசரக்காரர்.

“பேட்டரி லாரி அந்த வேனைவிடப் பல மடங்கு கனம் சார். பேட்டரியே ஒரு கனம். எடை கூடினா டயர் அதிகமா தேயும். தேஞ்சது காத்துலதானே போகுது? அதைக் கணக்குல எடுக்காம வேனுக்கு மட்டும் இரட்டிப்பாக்குறது நியாயமா?”

“நியாயமெல்லாம் குழுவுல எடுபடாது. நம்பர் கொண்டு வா. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு மீட்டிங். யாரு டயர் எவ்வளவு தேயுதுன்னு ஒரு காகிதத்துல எழுதிக் கொடு, நான் பேசுறேன்.”

ஆறு நாள். ஆறு நாளில் டயர் தேய்வதை எப்படி அளப்பது? பள்ளத்தின் ஆழத்தை அளக்கலாம், ஆனால் அவ்வளவு சீக்கிரம் மாற்றம் தெரியாது. எடை போடலாம் என்று எனக்குத் தோன்றியது. இன்று எடை போட்டு, சில நாள் ஓடவிட்டு, மறுபடி எடை போட்டால், குறைந்தது எதுவோ அது தேய்ந்தது. எளிமையான யோசனை. எளிமையாகத் தோன்றியதால் அன்றைய பக்கத்தில் அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன்.

நம் எடைமேடை லாரிகளுக்கானது, பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும். தேசம்மாதான் வழி சொன்னார்.

“நம்ம ஏகாம்பரம் தராசுல போடு சார். ஏலத்துல அவுரு சொல்றதுதான் எட. கடல்ல கீற மீனே அவுரு பேச்சக் கேக்கும்.”

பேட்டரி லாரியின் ஓட்டுநர் சேகர் பெரம்பூர்க்காரர், டில்லிபாபுவின் தோஸ்து. ஞாயிற்றுக்கிழமை லாரிக்கு ஓய்வு. “மாமு கேட்டா கழட்டித் தராம?” என்று ஒரு சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்தார். வேனிலும் ஒரு சக்கரத்தைக் கழற்றி, அங்கே ஸ்டெப்னியை மாட்டினோம். இரண்டு சக்கரங்களையும் நான் பல் துலக்கும் பிரஷ்ஷால் சுத்தம் செய்தேன். பள்ளங்களில் சிக்கியிருந்தவை: சிறு கற்கள் முப்பத்தொன்று, ஆணி ஒன்று, பாதிச் சீப்பு ஒன்று, இறால் தலை ஒன்று. பிறகு துணியால் ஈரம் போகத் துடைத்தேன். எவ்வளவு கவனமாக இருந்தேன் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். தவறு நான் கவனித்த இடத்தில் நடக்கவில்லை.

ஞாயிறு காலை 5.50. காசிமேட்டில் ஏலம் உச்சத்தில் இருந்தது. சுற்றிலும் வஞ்சிரமும் சங்கராவும் குவிந்து கிடக்க, நடுவில் நாங்கள் இரண்டு சக்கரங்களை உருட்டிக்கொண்டு போனோம். லாரிச் சக்கரத்தை உருட்ட நான்கு பேர் தேவைப்பட்டார்கள். சட்டையைப் பேண்டுக்குள் விட்டு நாட்குறிப்புடன் பின்னால் போன ஒரே ஆள் நான்.

“இன்னா மீனு சார் இது?” என்று ஓர் அம்மா கேட்டார்.

“கருப்பு வவ்வாலு,” என்றார் டில்லிபாபு. “முள்ளே கெடையாது. கொழம்பு வச்சா பத்து வருஷத்துக்கு வரும்.”

“செவுளத் தூக்கிக் காட்டு, புதுசா பழசான்னு பாக்கலாம்!”

ஏலம் கூவுகிறவர் எங்களைப் பார்க்கவே இல்லை. தராசுக்கு முன்னால் எது வந்தாலும் கூவிவிடும் பழக்கம் அவருக்கு. விலை ஏறத் தொடங்கி இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். தேசம்மா குறுக்கே பாய்ந்து, “யோவ், இது கவுருமெண்ட் டயருய்யா!” என்று கத்தி நிறுத்தினார். அது அரசு டயர் அல்ல. ஆனால் திருத்துவதற்கு அது நேரமில்லை.

ஏகாம்பரம் ஒல்லியான மனிதர். எடை காட்டும் பலகைக்கும் எங்களுக்கும் நடுவில் நின்றுகொண்டார். அவர் நிற்கும் இடம் அதுதானாம். வேன் சக்கரம் தட்டில் ஏறியது. பலகையை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கடற்கரை முழுவதற்கும் கேட்கும்படி சொன்னார்: “பதிமூணு எரநூறு!” லாரிச் சக்கரம் ஏறியது. “எம்பத்தி நாலு ஐநூறு!” அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன். அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. அவ்வளவு உறுதியான குரலுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பது மரியாதையாக இருக்காது என்று நினைத்தேன்.

சக்கரங்கள் மறுபடி வண்டிகளில் ஏறின. திங்கள், செவ்வாய், புதன் என மூன்று நாளும் இரண்டு வண்டிகளும் வழக்கம்போல் ஓடின. வியாழன் காலை 5.35, மறுபடி பிரஷ், மறுபடி துணி, மறுபடி காசிமேடு. ஏகாம்பரம் டீ குடிக்கப் போயிருந்தார். வேலை நேரத்துக்குள் திரும்ப வேண்டும் என்பதால் பலகையை நானே படித்தேன். வேன் சக்கரம் 14 கிலோ 200 கிராம். லாரிச் சக்கரம் 87 கிலோ 450 கிராம்.

முதலில் கண்ணாடியைத் துடைத்தேன். பிறகு பலகையைத் துடைத்தேன். வேனின் சக்கரம் நான்கு நாளில் ஒரு கிலோ ஏறியிருந்தது. லாரிச் சக்கரம் கிட்டத்தட்ட மூன்று கிலோ.

“காத்து அடிச்சேன் சார் நேத்து,” என்றார் டில்லிபாபு. “அதான் ஏறிக்கீது.”

“ஒரு கிலோ காத்தா?”

“நல்லா அடிச்சேன் சார்.”

அன்று முழுவதும் காரணம் தேடினேன். சாலையின் தார் உருகி டயரில் ஏறியிருக்குமோ? எண்ணூர்க் காற்றில் இருப்பது எல்லாம் ரப்பரில் படிந்திருக்குமோ? எண்ணூர்க் காற்று எதையும் செய்யக்கூடியது என்பதால் அந்த யோசனை எனக்குப் பிடித்தும் போனது. மாலை 4.20க்கு அறிக்கையை எழுதி முடித்தேன். “டயர்கள் தேய்வதற்குப் பதிலாக, சாலையிலும் காற்றிலும் உள்ள மாசைத் தம்மேல் சேர்த்துக்கொள்வதாகத் தெரிகிறது. கனமான வண்டிகள் இப்பணியைக் கூடுதலாகச் செய்கின்றன.” கையெழுத்து, தேதி, முத்திரை. கோப்பில் நீங்கள் காணப்போகும் காகிதம் அதுதான்.

வெள்ளி காலை 8.10. மேலாளர் படித்தார். இரண்டாம் முறை படித்தார்.

“அப்போ டயர் ரோட்டைப் பெருக்குதா?”

“அப்படித்தான் தெரியுது சார்.”

“வேனைவிட லாரி நல்லா பெருக்குதா?”

“ஆமாம் சார்.”

“அப்போ லாரிக்காரனுக்கு நாம சம்பளம் தரணும். அந்த மீன்காரம்மாவை இன்னைக்கே காலி பண்ணணும். இதைத்தான் ஆறு நாளா கண்டுபிடிச்சியா?”

அவர் காகிதத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தார்.

“ஒண்ணு பண்ணு. ஞாயித்துக்கிழமை எடையை வியாழக்கிழமைக்குப் போடு. வியாழக்கிழமை எடையை ஞாயித்துக்கிழமைக்குப் போடு. ரெண்டு பத்தியை மாத்தினா போதும். வேன் ஒரு கிலோ தேஞ்சுது, லாரி மூணு கிலோ தேஞ்சுது. நீ சொன்ன நியாயம் அப்படியே வந்துடும். எடையும் நிஜ எடைதானே?”

இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். லஞ்சம், மிரட்டல் என்றால் நீங்கள் எளிதாக அடையாளம் கண்டுகொள்வீர்கள். நீங்கள் விரும்பும் நல்ல முடிவுக்கே ஒரு சின்னத் திருத்தம் கொண்டுபோய்ச் சேர்க்கும்போது அடையாளம் தெரியாது. என் கண்முன் தேசம்மாவின் முட்டி வந்துபோனது. புதிய காகிதம் எடுத்து, தலைப்பும் எழுதிவிட்டேன். 8.15 முதல் 8.25 வரை அந்தக் காகிதத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

என்னைத் தடுத்தது மனசாட்சி என்று எழுத ஆசை. உண்மையில் தடுத்தது வகுத்தல். நான்கு நாளில் ஒரு கிலோ என்றால், பதினான்கு கிலோச் சக்கரம் இரும்போடு சேர்த்து அறுபது நாளுக்குள் ஒன்றுமில்லாமல் போகும். பிறகு டில்லிபாபு அச்சின் மேல் ஓட்டிக்கொண்டுதான் வர வேண்டும். இதை எந்த ஓட்டுநரிடம் சொன்னாலும் சிரிப்பான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தேய்ந்தது என்று எழுதினால் சிரிக்க வைக்கும் எண், ஏறியது என்று எழுதும்போது மட்டும் எப்படிச் சரியாகும்? தவறு டயரில் இல்லை, எண்ணில் இருக்கிறது.

9.05க்கு தேசம்மாவிடம் எண் வாங்கி ஏகாம்பரத்துக்குத் தொலைபேசினேன்.

“ஞாயித்துக்கிழமை சொன்னீங்களே, பதிமூணு எரநூறு, அது பலகையில இருந்த எடைதானே?”

“பலகைல பதினாலு எரநூறு இருந்துச்சு சார். கழிச்சித்தான் சொன்னேன்.”

“எதைக் கழிச்சீங்க?”

“இன்னா சார் இப்டி கேக்குற? கூடைக்கும் ஐஸுக்கும்தான். சின்ன கூடைன்னா ஒரு கிலோ, பெரிய கூடைன்னா மூணு கிலோ.”

“டயருக்கு ஏதுங்க கூடையும் ஐஸும்?”



“தட்டுல ஏறுனா கழிச்சிடுவேன் சார். முப்பது வருஷமா கழிச்சிகினு கீறேன். எம் பொண்ணு கொயந்தையா இருந்தப்போ அதையும் இந்தத் தட்டுலதான் எட போட்டேன். ஒரு கிலோ கம்மியாத்தான் சொன்னேன். வூட்ல ஆறு மாசம் அதுக்கு டானிக் குடுத்தாங்க.”

கழித்ததைக் கூட்டினேன். வேன் சக்கரம் ஞாயிறன்றும் 14.200, நேற்றும் 14.200. லாரிச் சக்கரம் ஞாயிறன்று 87.500, நேற்று 87.450. அந்தத் தராசு ஐம்பது ஐம்பது கிராமாகத்தான் நகரும். ஆகவே வேனைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. லாரியில் குறைந்த ஐம்பது கிராம் தேய்மானமாகவும் இருக்கலாம், துடைக்காத ஈரமாகவும் இருக்கலாம். ஆறு நாள் உழைத்து ‘தெரியாது’ என்ற இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தேன்.

11.00. குழு கூடியது. தலைவர் சேமிப்புக் கிடங்கு நடத்துபவர், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. கட்டணத்தை இரட்டிப்பாக்கும் யோசனை அவருடையதுதான். தேசம்மா கதவருகே ஒரு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். மேலாளர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து, நடந்தது முழுவதையும் சொன்னேன். கூடைக்குக் கழித்த கதை வந்தபோது ஓர் உறுப்பினர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அது மூக்கு வழியாக வந்துவிட்டது.

சிரிப்பு அடங்கியதும் தலைவர் கேட்டார். “ஆக உங்ககிட்ட நம்பர் இல்லை?”

“இல்லை சார். ஆனா அது இல்லாமலே தெரிஞ்சது ஒண்ணு இருக்கு. நம்ம கட்டணம் புகையை மட்டும்தான் பார்க்குது. டயர் தூசியைப் பார்க்கவே இல்லை. எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது. இல்லைன்னு சொல்லவும் யாருக்கும் தெரியாது. பத்து நிமிஷம் வாயிலுக்கு வந்து பாருங்க.”

வந்தார்கள். தேசம்மாவும் பின்னாலேயே வந்தார். வளைவில் இருக்கும் இரும்புக் கைப்பிடிக் கம்பியைத் தலைவர் தன் கைக்குட்டையால் துடைத்தார். கைக்குட்டை கரி பூசியதுபோல் ஆனது.

“இது லாரியா, வேனா?”

“தெரியாது சார். ரெண்டும் இங்கதான் திரும்புது.”

அப்போது சேகரின் லாரி வந்தது. அத்தனை பேரைக் கண்டு சேகர் வளைவில் சற்று வேகமாகவே திரும்பிவிட்டார். கிறீச்சென்ற சத்தம், கறுப்புக் கோடு, ரப்பர் வாடை. குழு முழுவதும் மூக்கைப் பொத்தியது. எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சி அரை நிமிடம் நீடித்தது. அடுத்து, தேசம்மாவைத் திரும்ப அழைத்துப்போக டில்லிபாபுவின் வேன். பதற்றத்தில் அவர் மிதித்த மிதியில் வேன் ஒரு குலுக்கு குலுக்கி, தலைவரின் வெள்ளைச் சட்டை இருந்த திசையில் அடர்ந்த கரும்புகையை விட்டது. புகை விலகியபோது தலைவர் அங்கேயேதான் இருந்தார். சட்டை மட்டும் வேறு நிறத்தில் இருந்தது.

எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தேன். தேசம்மா வேனிடம் போய், ஓட்டுநர் பக்கக் கதவில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.

“கலீஜ் பண்ணிட்டியேடா நைனா! நாசில மாத்து மாத்துன்னு எத்தினி வாட்டி சொன்னேன்!” பிறகு தலைவர் பக்கம் திரும்பினார். “சார், நம்ம வண்டி புகை வுடுது. நா இல்லன்னு சொல்லல. அத்தொட்டுத்தான் துட்டு கட்டிகினு வர்றேன். சட்டையும் தோச்சித் தர்றேன். ஆனா இந்தக் கோடு யாரு போட்டது? நா புகைக்குக் கட்றேன், அவுரு கோட்டுக்குக் கட்டட்டும். அவுரு பங்கையும் சேத்து ஏன் சார் எந்தலைல வெக்கிறீங்க?”

தலைவர் தன் சட்டையையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தார். நான் ஆறு நாளாக எழுதத் தெரியாமல் திணறியதை அந்த அம்மா நின்ற இடத்திலேயே சொல்லி முடித்துவிட்டார். மேலாளர் தருணம் பார்த்து நுழைந்தார். “நம்ம எடைமேடை இருக்கே சார். எவ்வளவு கனமோ அவ்வளவு சாலைக் கட்டணம், எல்லா வண்டிக்கும். பத்துக் கிலோ முன்னப்பின்ன இருந்தா என்ன?”

அன்று 12.40க்கு முடிவு எழுதப்பட்டது. புகைக் கட்டணம் இரட்டிப்பாகாது. எடைக்கேற்ற ஒரு சாலைக் கட்டணம் பேட்டரி வண்டி உட்பட எல்லோருக்கும் உண்டு. வேன் இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில் ஒரு மாதத்துக்குள் மாற்றப்பட வேண்டும். இது முற்றிலும் நியாயமான முறை என்று நான் சொல்லமாட்டேன். முன்பைவிடக் குறைந்த அநியாயம், அவ்வளவுதான். டயர் தூசியைச் சரியாக அளக்கும் வழியை உங்களில் யாராவது கண்டுபிடித்தால் அதையும் மாற்றுங்கள். எண் கிடைக்காத நாளில் கிடைக்கவில்லை என்று எழுதுங்கள். அதற்குக் கொஞ்சம் சிரிப்பார்கள். சிரித்தவர்கள்தான் அன்று எழுந்து வாயில்வரை வந்தார்கள்.

தேசம்மாவுக்கு ஆறு கேன்டீன்களும் நிலைத்தன. எனக்கு ஒரு வஞ்சிரம் கொண்டு வந்தார். வாயிலைக் கடக்கும் யாரிடமும் எதையும் வாங்கக் கூடாது என்று விதி எண்ணைச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். “ரொம்பத்தான் சார் நீ,” என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் கேன்டீனில் என் தட்டில் நல்ல நடுத்துண்டு விழுந்தது. அதற்கடுத்த நாளும் விழுந்தது. மூன்றாம் நாளும் விழுந்தபோது, என் தட்டுக்கு மட்டும் வால் துண்டு ஏன் வருவதேயில்லை என்று பரிமாறுபவரிடம் கேட்டேன்.

“அந்தம்மா டெய்லி ஒரு துண்டு தனியா எடுத்துக் குடுத்துடுது சார். உங்கிளுக்குன்னு சொல்லாம வைக்கச் சொல்லிக்கீது.”

மூன்றாம் துண்டைத் திருப்பிக் கொடுத்தேன். முதல் இரண்டையும் ஏற்கெனவே தின்றிருந்தேன். அன்றைய பக்கத்தில் அதை எழுதி, கையெழுத்திட்டு, மேலாளரிடம் காட்டினேன். அவர் ஓரத்தில் ‘பார்த்தேன்’ என்று எழுதி, வறுவலா குழம்பா என்று விளக்கம் கேட்டிருந்தார்.